மெயில் எடுக்கும்போது இறுகி நிற்கும் கணினி: திருத்துவதா, மாற்றுவதா?

மட்டக்களப்புப் பக்கத்தில் ஈமெயில் புறோகிராம் ஒன்று புது மெயில் எடுக்கும்போது இறுகி நின்றால், முதலில் அதை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். சரிவராவிட்டால் விண்டோஸையே திரும்பப் போடுவார்கள். அதுவும் சரிவராவிட்டால் புதுக் கணினிக்கு விலை கேட்கத் தொடங்குவார்கள். கையில் இருக்கிற வழிகளில் ஆகக் குறைந்த பலன் தருபவை இந்த மூன்றும்தான் என்பது என் கணிப்பு. காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, பலருக்கு அது போதும். எல்லோருக்கும் போதாது. யாருக்கு எது பொருந்தும் என்று பார்ப்போம்.

ஒரு கந்தோரை மனதில் வைத்துக்கொண்டு பேசினால் லேசு. கல்லடியில் கட்டிட வேலை எடுத்துச் செய்கிற ஒரு கொந்தராத்துக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளாக்கர், ஒரு விண்டோஸ் கணினி, அதில் தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் புறோகிராம். நிறுவனத்தின் பெயரிலேயே சொந்த ஈமெயில் முகவரி, வருடக் கட்டணத்துக்கு எடுத்த ஏதோ ஒரு ஹோஸ்டிங்கில், அதாவது வாடகைச் சேர்வர் இடத்தில், ஓடுகிறது. சேர்வரிலிருந்து மெயிலைக் கணினிக்கு இறக்கிவைக்கும் பொப் என்ற முறையில் எடுத்த பத்து வருட மெயில் கணினியில் கிடக்கிறது. அதே மெயில் சேர்வரிலும் கிடக்கிறது, 'சேர்வரிலும் ஒரு பிரதி வைத்திரு' என்ற பெட்டியில் எப்போதோ யாரோ சரி போட்டுவிட்டதால். முதலாளி வாகரை சைட்டில் நிற்கும்போது அதே கணக்கைத் தன் போனிலும் பார்க்கிறார். விலைமனுப் பத்திரம், வரைபடம், அளவுப் பட்டியல் என்று வருவதெல்லாம் பாரமான இணைப்புகள். காலையில் கிளாக்கர் மெயில் எடுக்கிற பட்டனை அமத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சில நாள் வந்த மெயிலே மறுகா மறுகா வரும். "என்ன மகன் செய்யிற, புதுசா ஒண்டு எடுப்பமா?" என்று முதலாளி கேட்பார். கேட்டவுடனே ஓம் என்று சொல்லிவிடக் கூடாது.

சும்மா நிற்கிறதா, வேலை செய்கிறதா?

மெயில் எடுப்பது என்று நாம் சொல்வது ஒரு வேலை இல்லை, ஒன்றன்பின் ஒன்றாகப் பல வேலைகள். சேர்வரின் பெயரை வைத்து அதன் ஐபி முகவரியை, அதாவது இலக்க முகவரியை, தேட வேண்டும். அதோடு இணைய வேண்டும். இரண்டு பக்கமும் மறைகுறியாக்கத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். கடவுச்சொல் கொடுக்க வேண்டும். என்னென்ன மெயில் கிடக்கிறது என்று பட்டியல் வாங்க வேண்டும். புதியதை இறக்கி, வட்டில் எழுதி, வடிகட்டி விதிகளை ஓட்டி, பிற்பாடு தேடுவதற்காக அட்டவணையில் ஏற்ற வேண்டும். நடுவில் அன்டிவைரஸ் வேறு தலைநீட்டும். இதில் எந்த இடத்தில் நின்றாலும் திரையில் தெரிவது அந்த ஒரே வட்டம்தான். அதனால்தான் ஒருவருக்குச் சரிவந்த மருந்து அடுத்தவருக்குச் சரிவருவதில்லை.

வட்டம் சுற்றும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். மெயில் புறோகிராம் இருக்கும் வரியில் வட்டு, நெட்வேர்க், புறொசெசர் ஆகிய மூன்றையும் பாருங்கள். மூன்றுமே பூச்சியத்துக்குப் பக்கத்தில் நின்றால் உங்கள் கணினியில் குற்றமில்லை, அது வெளியிலிருந்து பதிலுக்குக் காத்திருக்கிறது. பதில் வராத இணைப்புக்காகத் தண்டர்பேர்ட் இயல்பில் 100 செக்கன் காத்திருக்கும். அதற்கு முன்னமே நம்மில் பலர் பொறுமையிழந்து புறோகிராமை மூடிவிடுவோம். வட்டோ புறொசெசரோ ஏறி நின்றால் குற்றம் உள்ளுக்குள்ளே, பெரும்பாலும் வீங்கிப்போன கோப்பு அல்லது அன்டிவைரஸ். நெட்வேர்க் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தால் அது இறுகவே இல்லை, பாரமான மெயில் ஒன்று இறங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கடைசிச் சங்கதியை ஒருதரம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இணைப்புக் கோப்புகள் மெயிலில் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் வரும். அந்த மாற்றத்தில் பாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். ஆகவே 18 எம்பி வரைபடம் ஒன்று ஏறக்குறைய 25 எம்பியாக வந்து சேரும். உங்கள் இணைப்பு உண்மையில் செக்கனுக்கு ஒரு மெகாபிட்தான் தருகிறதென்றால் அதை இறக்க மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டும். மூன்று நிமிடம் விழாமல் நிற்கிற லைன் இருந்தால் கவலையில்லை.

அடுத்தது கீழ்ப்பட்டை. தொலைபேசியில் உதவி கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பதே அதைத்தான்.

"தங்கச்சி, கீழ பட்டையில என்ன எழுதிக்கிடக்கு?"

"இணைஞ்சிட்டுது எண்டு கிடக்கு அண்ணன். அதுக்கு மேல ஒண்டும் வரல்ல."

பெயரைத் தேடும் இடத்திலேயே நின்றால் சேர்வரின் பெயர் பிழை, அல்லது பெயருக்கு முகவரி தேடித் தரும், ரவுட்டர் கொடுக்கும் டிஎன்எஸ் படுத்துவிட்டது. இணைந்த பிறகு நின்றால் போர்ட் இலக்கத்தையும் (சேர்வரில் எந்த வாசலால் நுழைவது என்ற எண்) பாதுகாப்பு வகையையும் பாருங்கள். ஐமேப் (மெயிலைச் சேர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) என்றால் 993, பொப் என்றால் 995. இந்த இலக்கங்களைப் போட்டுவிட்டுப் பாதுகாப்பு வகையை மட்டும் பழைய 143, 110 இலக்கங்களுக்கு உரியபடியே விட்டிருந்தால், மற்றப் பக்கம் முதலில் பேசட்டும் என்று இரண்டு பக்கமும் காத்திருக்கும். கடவுச்சொல் கட்டத்தில் நின்றால் பிரதான ஜன்னலுக்குப் பின்னால் கூகுளின் அனுமதி ஜன்னல் ஒன்று ஒளிந்து நிற்கிறதா என்று பாருங்கள். ஜிமெயில் கணக்கென்றால் தண்டர்பேர்டில் குக்கிகளை அனுமதித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஜன்னல் வேலையை முடிக்காது. சாதாரணக் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து நுழைகிற பழைய வழியைத் தனிப்பட்ட கணக்குகளுக்கு ஜிமெயில் 2022 மே மாதத்தோடு மூடிவிட்டது, அவுட்லுக் டொட் கொம் 2024 செப்டெம்பரில் மூடியது. பழைய செட்டிங்கோடு இன்னும் மல்லுக்கட்டும் கணினிகள் நம் பக்கத்தில் நிறைய.

இனி ஹொட்ஸ்பொட் சோதனை. கந்தோர் லைனைக் கழற்றிவிட்டுப் போனின் ஹொட்ஸ்பொட்டில் அதே கணினியில் அதே பட்டனை அமத்துங்கள். டக்கென்று வந்தால் குற்றம் லைனிலோ ரவுட்டரிலோதான். பழைய செப்புக் கம்பி இணைப்பு இருக்கிற இடங்களில் மாரிமழைக்கு மூட்டுகளில் ஈரம் இறங்கி இரைச்சல் கூடும், இணைப்பு விழுந்து விழுந்து எழும்பும். 'யூடியூப் ஓடுதே, மெயில் மட்டும் ஏன் ஓடல்ல' என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. வீடியோ துண்டு துண்டாக வரும், ஒரு துண்டு விழுந்தால் அதை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கிவிடும். மெயில் புறோகிராம் ஒரே இணைப்பை நீளத்துக்குப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கண்ணுக்குப் படாத இன்னொரு குற்றமும் உண்டு. சின்ன மெயில் எல்லாம் வரும், கொஞ்சம் பெரியது வந்தால் அந்த இடத்திலேயே நிற்கும், எத்தனை தரம் அமத்தினாலும் அதே இடம். அப்படியென்றால் ரவுட்டரின் எம்டியு அளவைச் சந்தேகியுங்கள், அதாவது ஒரு பக்கெட்டில் (தரவுப் பொட்டலத்தில்) ஆகக் கூடியது எவ்வளவு போகலாம் என்ற அளவை. சாதாரண நெட்வேர்க்கில் ஒரு பக்கெட் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஈ என்ற இணைப்பு முறை வழியாக இணைகிற பிரோட்பாண்டில் அதற்குள் 8 பைட் வேறு வேலைக்குப் போய்விடுவதால் 1492தான் மிச்சம். ரவுட்டரில் 1500 என்றே கிடந்து, 'இது பெரிசு, உடைத்து அனுப்பு' என்று திரும்பி வர வேண்டிய செய்தியும் நடுவில் எங்கோ தடுபட்டுவிட்டால், பெரிய பக்கெட்டுகள் சத்தமில்லாமல் காணாமல்போகும். 1492க்கோ இன்னும் கொஞ்சம் கீழேயோ இறக்கிவிட்டால் சரிவரும். நன்றாகத் தெரிந்த திருத்துநர்கள்கூட இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

ஹொட்ஸ்பொட்டிலும் அதே கதை என்றால் பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து பாருங்கள். அங்கும் மந்தமென்றால் ஹோஸ்டிங்காரரின் பக்கம் குற்றம். அங்கு சுத்தமாகத் திறந்தால் வரிசையில் புதிதாக வந்து நிற்கும் மெயில்களின் அளவைப் பாருங்கள். பாரமான ஒன்று குறுக்கே நின்றால் அதை வேறொரு கோப்புறைக்கு நகர்த்திவிட்டுத் திரும்ப முயலுங்கள். அரைவாசிப் பேருக்கு வேலை இந்த இடத்திலேயே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

திரும்பப் போடுவது ஏன் உதவாது

தண்டர்பேர்ட் ஆகட்டும் அவுட்லுக் ஆகட்டும், புறோகிராம் வேறு, உங்கள் மெயில் கிடக்கிற இடம் வேறு. தண்டர்பேர்ட் எல்லாவற்றையும் புறொஃபைல் என்ற தனிக் கோப்புறையில் வைக்கும். புறோகிராமை அழித்தாலும் அது போகாது. திரும்பப் போட்டவுடன் அதே வீங்கிய கோப்பை, அதே பிழையான செட்டிங்கை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் போய் நிற்கும். விண்டோஸைத் திரும்பப் போடுவது இன்னும் மோசம். புறொஃபைலைப் பிரதி எடுக்காமல் வட்டைச் சுத்தம் செய்துவிட்டால் பத்து வருட மெயிலும் போச்சு.

இருக்கிறதைத் திருத்துவது

டாஸ்க் மனேஜரில் வட்டு ஏறி நின்றவர்களுக்கு உரிய வழி இது. மற்றவர்கள் இதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

தண்டர்பேர்ட் இயல்பில் ஒரு கோப்புறையின் மெயில்கள் அத்தனையையும் ஒரே நீளக் கோப்பாகத்தான் வைக்கும். நீங்கள் ஒரு மெயிலை அழித்தால் அது அந்தக் கோப்பை விட்டுப் போகாது, அழிந்தது என்று ஒரு குறி மட்டும் விழும். சுருக்கும் கட்டளையைக் கொடுக்கும்போதுதான் உண்மையில் வெளியே போகும். வரும் மெயிலை எல்லாம் இன்பொக்ஸிலேயே பத்து வருடம் குவித்துவைத்த கந்தோரில் அந்த ஒரு கோப்பு பல ஜிபி இருக்கும். சுருக்குவதற்கு முன் வட்டில் அதே அளவு வெற்றிடம் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் புதுக் கோப்பை எழுதி முடித்த பிறகுதான் அது பழையதை விடும்.

கோப்புக்குப் பக்கத்தில் எம்எஸ்எஃப் என்று முடியும் அட்டவணைக் கோப்பு ஒன்று இருக்கும். அது பழுதானாலும் புறோகிராம் இறுகும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பழுதாவது பெரும்பாலும் இதுதான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் யூபிஎஸ் இல்லாத கணினிகள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். கோப்புறையின் பண்புகளுக்குள் பழுதுபார்க்கும் பட்டன் ஒன்று இருக்கிறது, அது அட்டவணையைப் புதிதாகக் கட்டும். ஐமேப் கணக்கில் அதை அமத்துவதற்கு முன் யோசியுங்கள். அந்தக் கோப்புறையின் உள்ளூர்ப் பிரதியைத் தூக்கியெறிந்துவிட்டுச் சேர்வரிலிருந்து முழுவதையும் திரும்ப இறக்கத் தொடங்கும். போன் டேட்டாவில் இருக்கும்போது செய்தால் மாதப் பக்கேஜ் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு மெயில் கிடப்பது பிஎஸ்டி என்று முடியும் கோப்பில். 2010 முதல் வந்த பதிப்புகளில் அதன் இயல்பான எல்லை 50 ஜிபி, அதற்கு முந்திய 2007இல் 20 ஜிபி. எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்னமே மந்தமாகிவிடும். அவுட்லுக்குடனேயே வரும் ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவி அதைத் திருத்தும், ஆனால் ஓட்டுவதற்கு முன் பிரதி எடுக்க வேண்டும்.

அன்டிவைரஸ் பற்றி ஒரு வார்த்தை. வருகிற மெயிலை வழியிலேயே பிடித்துப் பார்க்கும் வசதி பல அன்டிவைரஸ்களில் உண்டு. முழு மெயிலும் தன் கைக்கு வரும்வரை அது புறோகிராமுக்கு ஒன்றும் கொடுக்காது. புறோகிராமோ சேர்வர் செத்துவிட்டது என்று நினைக்கும். அந்த மெயில் சோதனையை மட்டும் நிறுத்திவிட்டு, கோப்புகளைச் சோதிக்கும் பகுதியை ஓடவிடுங்கள். இணைப்பைத் திறக்கும்போது அது எப்படியும் பார்க்கும். அன்டிவைரஸையே நீக்கச் சொல்லும் ஆலோசனை எனக்குப் பிடிக்காது. பென்டிரைவ் கைக்குக் கை மாறும் ஊரில் அது விவேகமல்ல.

பொப்பிலிருந்து ஐமேப்புக்கு

கல்லடிக் கந்தோருக்கு நான் சொல்லும் வழி இது. ஏன் என்று கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

பொப் என்பது இன்றைக்கும் 1996இல் எழுதப்பட்ட விதிகளின்படிதான் ஓடுகிறது. அதன்படி ஒருவர் பெட்டிக்குள் நுழைந்தால் அவர் வெளியேறும்வரை பெட்டி பூட்டப்படும். 2013இல் புதுப் பாலம் திறக்கும்வரை பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் போய் முடிய மறுபக்கம் காத்துநின்ற மாதிரி. முதலாளியின் போன் வாகரையில் நின்று மெயில் எடுக்கிற நேரம் கந்தோர்க் கணினி கேட்டால், பெட்டி பாவனையில் இருக்கிறது என்று சேர்வர் திருப்பிவிடும், அல்லது காக்கவைக்கும். இதைவிட மோசமானது, வாகரையில் சிக்னல் விழுந்து போன் ஒழுங்காக வெளியேறாமல் போவது. அப்போது சேர்வர் உடனே பூட்டைத் திறக்காது. சும்மா கிடக்கிற இணைப்பை வெட்டுவதற்கு முன் குறைந்தது 10 நிமிடம் பொறுக்க வேண்டும் என்பது விதி. அந்த நேரமெல்லாம் கிளாக்கர் கல்லடியில் இருந்து தன் கணினியைத் திட்டிக்கொண்டிருப்பார்.

வந்த மெயில் திரும்ப வருவதற்கும் காரணம் அதே விதிகளுக்குள் இருக்கிறது. அழி என்று புறோகிராம் சொன்னதைச் சேர்வர் குறித்துமட்டும் வைக்கும், ஒழுங்காக விடைபெற்றுப் போனால்தான் அழிக்கும். பாரமான மெயிலின் நடுவில் லைன் விழுந்தால் அந்தச் சந்திப்பில் குறித்த ஒன்றும் நடக்காது. அடுத்த முறை அந்தப் பாரமான மெயில் முதல் பைட்டிலிருந்து தொடங்கும். வரிசையில் அதற்குப் பின்னால் நிற்கும் சின்ன மெயில்களுக்கும் வழி கிடைக்காது.

சேர்வரில் பிரதி வைக்கிற பழக்கமும் பாரம்தான். பிரதி கிடந்தால் எது பழையது, எது புதியது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலையும் வாங்கிப் பார்க்க வேண்டும். 20,000 மெயில் கிடக்கிறதென்று வையுங்கள். ஒன்றின் அடையாள எழுத்துக்கு 40 பைட் என்றாலும் 8 இலட்சம் பைட். ஒரு மெயில்கூடப் புதிதாக வராத நேரத்திலும் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் இதை இறக்கிக்கொண்டே இருக்கும்.

ஐமேப்பில் இந்த மூன்று தொல்லையும் இல்லை. மெயில் சேர்வரில் இருக்கும், கணினியும் போனும் ஒரே நேரத்தில் நுழையலாம், பூட்டு இல்லை. தலைப்புகள் முதலில் வரும், உடல் பிறகு வரும். ஆகவே பாரமான வரைபடம் ஒன்று வரிசையை மறிக்காது. கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு வந்தவற்றை மட்டும் கேட்க அதற்குத் தெரியும். தண்டர்பேர்டில் எத்தனை நாளைய மெயிலைக் கணினியில் வைத்திருக்க வேண்டும் என்றும், எத்தனை கேபிக்கு மேற்பட்டதை இறக்க வேண்டாம் என்றும் சொல்லலாம். 90 நாள் என்று வைத்தால் கந்தோருக்குப் போதும்.

ஐமேப்புக்கும் வாகான லைன் வேண்டும் என்பதை மறைக்கக் கூடாது. புது மெயில் வந்தவுடன் சேர்வரே அறிவிக்கும் வசதி ஒன்று அதில் உண்டு. அதற்காக ஒரு இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். 29 நிமிடத்துக்கு ஒருதரமாவது அதைப் புதுப்பிக்கும்படி அந்த வசதியின் விதி சொல்கிறது. ஆனால் சில ரவுட்டர்களும் போன் நெட்வேர்க்குகளும் அதற்கு முன்னமே சும்மா கிடக்கும் இணைப்பைச் சொல்லாமல் வெட்டிவிடும். புறோகிராமுக்கு அது தெரியாது. பட்டனை அமத்தினால் செத்த இணைப்பில் கேள்வி கேட்டுவிட்டு அந்த 100 செக்கனும் நிற்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வந்த பிறகு மட்டும் இறுகுகிறதென்றால் இதுதான். அறிவிப்புக்குக் காத்திருக்கும் அந்தத் தெரிவை எடுத்துவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜிமெயில் வைத்திருக்கும் கந்தோர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புத்தான் ஜிமெயில் தரும். தண்டர்பேர்ட் ஒன்று இயல்பில் 5 இணைப்பு வரை வைத்திருக்கும். மூன்று கணினி திறந்திருந்தால் 15ம் தீர்ந்தது. நான்காவதாக வரும் போன் வாசலில் நிற்கும். கணினிக்கு 2 என்று குறைத்துவிட்டால் எல்லோரும் உள்ளே வரலாம்.

ஐமேப்புக்கு மாறினால் சேர்வரில் இடம் வேண்டும். ஒரு பெட்டிக்கு 1 ஜிபிதான் என்று தருகிற மலிவு ஹோஸ்டிங்கில் பத்து வருட மெயிலையும் வைத்திருக்க முடியாது. பழையவற்றைக் கணினியின் உள்ளூர்க் கோப்புறைகளுக்கு இறக்கத்தான் வேண்டும். அப்படி இறக்கியவற்றுக்கு அந்தக் கணினியைத் தவிர வேறு காவல் இல்லை.

பிரவுசரோடு விடுவது

திருக்கோவிலிலோ செங்கலடியிலோ இருக்கும் ஒரு ஆசிரியர், நாளைக்கு நாலைந்து மெயில், எல்லாம் ஜிமெயிலில். அவருக்கு மெயில் புறோகிராம் எதற்கு? பிரவுசர் போதும். இறுகுவதற்கு அங்கே உள்ளூர்க் கோப்பு இல்லை, போர்ட் இல்லை, அன்டிவைரஸ் குறுக்கீடும் குறைவு. லைன் விழும் என்ற பயத்துக்கு ஜிமெயிலில் ஓஃப்லைன் வசதி உண்டு, 7, 30 அல்லது 90 நாளைய மெயிலைக் குரோம் பிரவுசரில் வைத்திருக்கும்.

கல்லடிக் கந்தோருக்கு இது ஒத்துவராது. ஹோஸ்டிங்கோடு வரும் ரவுண்ட்கியூப் போன்ற வெப்மெயிலில் லைன் விழுந்தால் வெறும் வெள்ளைப் பக்கம்தான். விலைமனுவின் கடைசி நாளில், போன வருடத்து அளவுப் பட்டியலைத் தேடும் நேரத்தில் அது நடந்தால் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. தேடலும் மந்தம். ஆனால் திருத்துகிற நாட்களில் இடைக்கால வழியாக இதைவிட நல்லது இல்லை.

வேறு புறோகிராம், வேறு ஹோஸ்டிங்

விண்டோஸோடு வந்த பழைய மெயில் புறோகிராமை மைக்ரோசொஃப்ட் 2024 டிசெம்பர் 31ஓடு நிறுத்திவிட்டது. அதில் இருந்தவர்கள் எப்படியும் மாறித்தான் ஆக வேண்டும். மைக்ரோசொஃப்ட் தள்ளிவிடும் புதிய அவுட்லுக் பார்வைக்கு வேகம். ஆனால் நீங்கள் அதில் சேர்க்கும் ஐமேப் கணக்கின் மெயிலை மைக்ரோசொஃப்ட் தன் சேர்வருக்கு எடுத்து அங்கிருந்துதான் காட்டும். உங்கள் விலைமனுக்கள் மூன்றாவது இடத்தில் ஒரு பிரதியாகக் கிடப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் பாவியுங்கள். எனக்கு ஆட்சேபணை உண்டு.

விண்டோஸ் 7இல் இன்னும் இருப்பவர்களின் கதை வேறு. தண்டர்பேர்ட் 115க்குப் பிறகு வந்த பதிப்புகள் அதில் ஓடாது. டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்க முறையின் பழைய பதிப்புகளான 1.0, 1.1 இரண்டும் 2021இலேயே கைவிடப்பட்டவை. அவற்றை மட்டும் பேசத் தெரிந்த புறோகிராமைச் சேர்வர்கள் வாசலிலேயே நிறுத்துகின்றன. கணினியை மாற்றும் பேச்சு நியாயமாக வருவது இந்த ஒரு இடத்தில்தான்.

போனுக்கு, கே-9 மெயில் என்ற மெயில் செயலியின் அடித்தளத்தில் எழுந்து 2024 ஒக்டோபரில் வந்த அன்ட்ரொயிட் தண்டர்பேர்டைச் சொல்வேன். கணினியில் இருக்கும் செட்டிங்கைக் கியூஆர் குறியீடு மூலம் எடுத்துக்கொள்ளும், சைட்டில் நிற்கும் முதலாளிக்கு அது லேசு.

ஹோஸ்டிங்கை மாற்றுவதற்குப் பெரும்பாலானோருக்கு ஒரே காரணம்தான் உண்டு: வெப்மெயிலே மந்தம், ஹொட்ஸ்பொட்டிலும் மந்தம், முறைப்பாடு செய்தும் பலனில்லை. அப்போது கூகுள் வேர்க்ஸ்பேஸ், ஸோஹோ மெயில் போன்றவற்றுக்குப் போகலாம். டொலரில் கட்டணம், ஆளுக்கு ஆள் தனி. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் அந்த மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டதைக் கண்டவர்கள் டொலர்க் கட்டணத்துக்கு முன் ஒருதரம் யோசிப்பார்கள், யோசிக்கவும் வேண்டும். ஸோஹோவின் இலவசத் திட்டத்தை நம்பிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் ஐமேப்பும் இல்லை, பொப்பும் இல்லை. பிரவுசரும் அவர்களுடைய செயலியும்தான்.

அறுகம்குடாவில் வெளிநாட்டு விருந்தினரை நம்பி ஓடும் விடுதி என்றால் நான் யோசிக்காமல் ஹோஸ்டிங்கை மாற்றச் சொல்வேன். ஒரு முன்பதிவு மெயில் ஒரு மணித்தியாலம் தாமதித்தால் விருந்தினர் அடுத்த விடுதிக்குப் போய்விடுவார். அந்த நட்டத்துக்கு முன் டொலர்க் கட்டணம் பெரிசில்லை. கல்லடிக் கந்தோருக்கு அந்த அவசரம் கிடையாது.

மாறுகிறதென்றால் எந்த ஒழுங்கில்

முதலில் தண்டர்பேர்டை மூடிவிட்டுப் புறொஃபைல் கோப்புறை முழுவதையும் வெளி வட்டொன்றுக்குப் பிரதி எடுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகவே வேண்டாம். பிறகு இருக்கிற பொப் கணக்கை அழிக்காமல், அது தானாக மெயில் எடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். அதே முகவரியை ஐமேப் கணக்காகப் பக்கத்தில் சேருங்கள். ஒத்திசைவை 90 நாளுக்கு வைத்து, நல்ல லைன் இருக்கும் நேரத்தில், முடிந்தால் இரவில், ஓடவிடுங்கள். பொப் கணக்கில் கிடக்கும் பழைய மெயில்களை வருடம் வருடமாகப் பிரித்து உள்ளூர்க் கோப்புறைகளுக்கு இழுத்துப் போடுங்கள். ஒரே கோப்பாக வீங்குவது அதோடு நிற்கும். சேர்வரில் மிஞ்சியிருக்கும் பழையவற்றை அழிப்பது கடைசி வேலை. அதுவும் உள்ளூர்க் கோப்புறையில் அவை சரியாகத் திறக்கின்றனவா, இணைப்புகள் உள்ளனவா என்று சிலவற்றைத் திறந்து பார்த்த பிறகுதான். ஐமேப்பில் ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும் என்பதைக் கிளாக்கருக்கும் முதலாளிக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முதலாளியின் போனையும் அன்றைக்கே வாங்கி, அதிலிருக்கும் பொப் கணக்கை எடுத்துவிட்டு ஐமேப்பாகப் போட்டுக்கொடுங்கள். அதை விட்டுவிட்டால், 'எடுத்த பிறகு சேர்வரில் இருந்து அழி' என்று அந்தப் போனில் கிடந்தால், வாகரையில் அவர் ஒருதரம் மெயில் பார்த்தவுடன் கல்லடியில் இன்பொக்ஸ் காலியாகும். கிளாக்கர் திரும்பவும் உங்களுக்குத்தான் போன் எடுப்பார்.